போதகர் கையை எடுப்பதற்காகச் சொன்ன வார்த்தை

கர்த்தருக்குள் அன்பான மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஆண்டவருடைய தயவால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று வழக்கப்படி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வாய்க்கு வந்ததை மரியாதைக்காகச் சொல்வதை விட்டுவிட்டேன் என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். பிள்ளைகள் நலம். உங்கள் தங்கை உடம்பளவில் நலம். எனக்கு இடுப்பு வலிக்கிறது.

இதற்குள் உங்கள் தங்கை போன் செய்து ஒரு பாட்டம் அழுது முடித்திருப்பாள். சபைக்கு நடுவில் தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன் என்று சொல்லியிருப்பாள். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு பக்கத்து நியாயத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை நீங்கள். உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

மரச்சாமான் கிடங்கில் அலமாரியும் கட்டிலும் தூக்கித் தூக்கி என் இடுப்பு போன கதை உங்களுக்குத் தெரியும். இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால், மேலாளர் முனகிக்கொண்டே என்னை ரசீது போடும் மேஜையில் உட்கார வைத்தார். அப்படி இருக்கும்போதுதான் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. எங்கள் போதகர் தங்கமான மனிதர், ஆனால் அவருடைய உள்ளங்கை முறம் அளவுக்கு இருக்கும். அந்தக் கையை, மருத்துவரே இரண்டு மூன்று தடவை தடவித் தேடிக் கண்டுபிடித்த இடத்தில், முதல் வைப்பிலேயே சரியாக வைத்து அழுத்தி ஜெபித்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஜெபம் முடிந்தும் கை நகரவில்லை. "இப்ப எப்படி இருக்கு பிரதர்?" என்றார். "பரவாயில்லைங்க" என்றேன். "பரவாயில்லைன்னா? கொஞ்சம் இருக்கா, முழுசா போயிடுச்சா?" என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கொஞ்சம் இருக்கிறது என்றால் இன்னொரு ஜெபம், இன்னொரு அழுத்து. கூடம் நிறைய ஆட்கள் கண்ணை மூடாமல் என்னையே பார்க்கிறார்கள். "போயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். கை எடுக்கப்பட்டது. எடுத்தவுடன் நிஜமாகவே சுகமாகத்தான் இருந்தது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு வீட்டில் சாப்பிடும்போது உப்புக் கரித்தாலும் நன்றாக இருக்கிறது என்கிறோமே, அந்த மாதிரி ஒன்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் உங்கள் தங்கை எழுந்துவிட்டாள். முன்கூட்டி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கணவர் இரவெல்லாம் முனகிக்கொண்டிருந்தார், இப்போது குழந்தை மாதிரி தூங்குகிறார் என்று கண்ணீரோடு சொன்னாள். தூங்கியது மெய். அது புது மாத்திரையின் வேலை. அவள் அழுவதைப் பார்த்துச் சபையே அழுதது, எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை வேறு எல்லோரும் பார்த்துவிட்டார்கள். போதகர் என்னை முன்னால் அழைத்து, "குனிஞ்சு காட்டுங்க பிரதர்" என்றார். குனிந்தேன். குனிவதில் சிரமம் இல்லை மச்சான், நிமிர்வதுதான் என் வியாதி. அப்படியே நின்றுவிட்டேன். நான் ஆராதனையில் உருகிவிட்டேன் என்று நினைத்து வாத்தியக்காரர்கள் மெல்ல ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள், அது எல்லாச் சரணமும் முடியும் வரைக்கும் நான் என் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு பேர் வந்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

மறுநாள் கிடங்கு மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரும் எங்கள் சபைதான். ஆண்டவர் நல்லவர் என்றார், ஆமாம் என்றேன், அப்படியானால் மூன்று கதவு அலமாரி ஒன்று வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றார். அன்றிலிருந்து சட்டைக்குள் இடுப்புப் பட்டை, அதன்மேல் பனியன், அதன்மேல் சட்டை. வெந்து போனேன். மாத்திரையைச் சபைக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன். திருடன் கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

இதுவரைக்கும் நீங்கள் சிரித்திருக்கலாம். இனி சிரிக்க மாட்டீர்கள். எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருப்பவர் எங்கள் சபையில் எனக்கு அடுத்த வரிசையில் உட்காருகிறவர். அவருக்கு வலிப்பு நோய். மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டிருந்ததால் வருஷக்கணக்காக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. பட்டையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, கால்சட்டை ஒன்றைச் சுருக்கக் கொடுக்கப் போனபோது, நாடாவால் என் இடுப்பை அளந்துகொண்டே மெல்லச் சொன்னார்.

"உங்க சாட்சியைக் கேட்ட அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டேண்ணே. உங்களுக்குச் செஞ்சவர் எனக்குச் செய்ய மாட்டாரா?"

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் நல்லது என்று இழுத்தேன்.

"நீங்க கேட்டுட்டா குனிஞ்சீங்க?" என்றார்.

என் சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. அப்போதே எடுத்து அவர் முன்னால் வைத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் மனைவி பக்கத்தில் சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தார், அந்த அம்மாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். உண்மையைச் சொன்னால் இவர்களுடைய விசுவாசம் போய்விடுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டதாக அன்று நினைத்தேன். இல்லை மச்சான். என் மானம் போய்விடுமே என்றுதான் பயந்தேன். விசுவாசத்தைச் சாக்காக முன்னால் நிறுத்தினேன்.

அதன்பிறகு எனக்கு நிம்மதி ஏது? ஒரு பக்கம் ஓடுகிற தையல் இயந்திரம், மறுபக்கம் எப்போதும் கொதிக்கிற இஸ்திரிப்பெட்டி, கையில் கத்தரி, நடுவில் மாத்திரை போடாத மனிதர். வேலை விட்டதும் நேராக அந்தக் கடைக்குப் போய்க் காவல் இருக்க ஆரம்பித்தேன். சும்மா போய் உட்கார முடியாது என்பதால் என் சட்டைப் பொத்தானை நானே பிய்த்து எடுத்துக்கொண்டு போவேன். எந்தச் சோப்பைப் போட்டாலும் உங்கள் சட்டையில் மட்டும் எப்படிப் பொத்தான் விழுகிறது என்று உங்கள் தங்கை சோப்பை மாற்றினாள். தையற்காரர் பேச்சை நிறுத்தினால் அவர் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தேன். கொட்டாவி விட்டால் எழுந்து நின்றேன். நம் போதகரே கண்ணாடி போட்டுத்தானே படிக்கிறார், அது விசுவாசக் குறைவா என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அதற்குத் தையற்காரர், வேதாகமத்தில் எழுத்து சின்னது அண்ணே என்று சொல்லிவிட்டார்.

சரி, போதகரிடமே சொல்லிவிடுவோம் என்று ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, இந்தச் சபையின் நடமாடும் சாட்சி நான்தான் என்றும், பக்கத்து ஊர்ச் சபையிலும் நான் வந்து குனிந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். கட்டிக்கொண்டபோது அவருடைய கை மறுபடியும் அதே இடத்தில். போன சுருக்கில் திரும்பி வந்துவிட்டேன்.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஒரு நீலச் சட்டையின் கழுத்துப் பட்டையைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் ஏதோ விலைவாசி பேசிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திச் சுவரைப் பார்த்தார். நான் எழுவதற்குள் விழுந்துவிட்டார். இஸ்திரிப்பெட்டியும் கூடவே விழுந்து அவருடைய முழங்கையில் பட்டது. அதை உதைத்துத் தள்ளினேன், கத்தரியை வெளியே வீசினேன், அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அந்த அம்மா ஆண்டவரே ஆண்டவரே என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. வெட்டு அடங்கியதும் அவரைத் தூக்கி வாடகைக் காரில் போட்டது நானும் பக்கத்துச் செருப்புக்கடைக்காரரும்தான். தூக்கும்போது என் இடுப்பில் சடக்கென்று ஒரு சத்தம். அதைக் கவனிக்க அப்போது நேரம் இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று அடுக்கிக்கொண்டே போனார். தையற்காரர் மனைவி என்னைக் காட்டி, இவருக்கு ஆண்டவர் பூரண சுகம் கொடுத்தார், அதைப் பார்த்துத்தான் தன் வீட்டுக்காரர் நிறுத்தினார் என்றார். நான் அந்த நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி மடிந்து நின்றிருந்தேன்.

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்து, "இவருக்கா?" என்றார்.

விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்த உங்கள் தங்கை அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். பார்த்தேன். உள்ளே ஒரு மனிதர் நினைவில்லாமல் கிடக்கிறார், இனி எந்த மானத்தைக் காப்பாற்றுவது? சட்டையைத் தூக்கித் தையற்காரர் மனைவியிடம் பட்டையைக் காட்டினேன்.

"எனக்கு வலி போகலைம்மா. பாஸ்டர் கையை எடுக்கட்டும்னுதான் அப்படிச் சொன்னேன். நான் தினமும் மாத்திரை போடறேன்."

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"தினமும் பொத்தானோட வந்தீங்களேண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

பிழைத்துக்கொண்டார் மச்சான். மறுநாள் கண் திறந்து என்னைப் பார்த்து, நீலச் சட்டை கருகிவிட்டதா என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். முழங்கையில் சுட்ட புண் இருக்கிறது, ஆறிவிடும் என்கிறார்கள். இப்போது மாத்திரையை ஜெபம் செய்துவிட்டுப் போடுகிறார். ஜெபத்தையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை. இந்தப் புத்தி முதலிலேயே எனக்கு வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து சபையில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டவர் சுகம் கொடுக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை, எனக்கு இன்னும் கொடுக்கவில்லை, கொடுத்ததாக நான் சொன்னது பொய், அந்தப் பொய்யால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும் என்றேன். பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்து, தானும் குடியை விட்டதாகச் சொன்ன சாட்சியில் ஒரு சின்னத் திருத்தம் இருப்பதாகச் சொன்னார். பாடற்குழுவிலிருந்து ஒரு அம்மா எழுந்து, மாமியாரோடு சமாதானமாகிவிட்டதாகச் சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது என்றார். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையை ஆட்டினார். கிடங்கு மேலாளர் எழுந்திருப்பாரோ என்று பார்த்தேன், அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரசங்கத்துக்கு நேரமே இல்லாமல் போய்விட்டது. கடைசியில் போதகர் தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, அதையும் ஆண்டவர் கேட்பார்" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த மரியாதை கூடத்தான் செய்தது.

இத்தனையும் சரியாகிவிட்டது, உங்கள் தங்கையைத் தவிர. வீட்டுக்கு வந்ததும், "நான் அழுது சொன்னது ஒவ்வொண்ணும் எனக்கு உண்மைங்க. பக்கத்துல படுத்திருந்த உங்களுக்கு மட்டும்தான் அது பொய்னு தெரியும்" என்றாள். அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு வைக்கிறாள், தட்டைப் பார்த்து வைக்கிறாள். உங்கள் வீட்டுக்குப் புறப்படப் போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது மச்சான், இடுப்பு வலியைவிட இதுதான் தாங்க முடியவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். உங்கள் மாப்பிள்ளை பட்டுத் திருந்திவிட்டான், இனி அந்த வீட்டில் மரியாதைக்குக்கூட ஒரு பொய் கிடையாது, அதற்கு நான் ஜவாப்தாரி என்று அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகளை ஆண்டவர் தம் நிழலில் வைத்துக் காப்பாராக. உங்கள் வீட்டுக் களஞ்சியமும் உங்கள் கால் கை சுகமும் குறையாதிருப்பதாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: நேற்று இரவு எழுதி முடித்த கடிதத்தை இன்று உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை உள்ளே வந்தாள். கையில் சுடுதண்ணீர்ப் பை. இவ்வளவு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "இன்னும் ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள். மச்சான், காலையில் எழுந்ததிலிருந்து வலி இல்லை. சுத்தமாக இல்லை. தையற்காரரைத் தூக்கியபோது கேட்ட அந்தச் சடக்கோ, ஆண்டவரோ, இரண்டும் ஒன்றோ, எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து பார்த்தேன், நிமிர்ந்தும் பார்த்தேன். இதை வெளியில் சொன்னால் தையற்காரர் அடுத்த வேளை மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று பயம். ஆனால் அவளிடம் சொல்லாததற்கு அது காரணம் இல்லை. அவள் அப்படிக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. "ஆமா" என்று சொல்லிவிட்டேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுக்கிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள், நான் கையை மறைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆகையால் மச்சான், இனி ஒரு பொய்யும் கிடையாது என்று அவளுக்குப் போன் செய்து சொல்லச் சொன்னேனே, அதை மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.