எண்ணெய்க்கு ஆபத்தில்லை

பாயிண்ட் மரே மாவட்டத்தின் பேரிடர் அதிகாரி நோரிஸ் பீட்ரிக்கு எழுத்து வேலை அதிகமில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரே அறிவிப்பைத்தான் எழுதிவந்தார். தேதியும் புயலின் பெயரும் மட்டும் மாறும். "புயல் வருகிறது. தெற்குச் சாலையில் குடியிருப்பவர்கள் வியாழன் நண்பகலுக்குள் வடக்கே கிளம்பிவிடவும். வண்டியில் பெட்ரோல் நிரப்பி வைத்துக்கொள்ளவும்." அவ்வளவுதான்.

லூசியானா மாநிலத்தின் தென்கோடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு என்று கயிறு போல நீண்டு கிடந்தது அந்தச் சாலை. முன்னூற்றுச் சொச்சம் குடும்பங்கள். பாதிப் பேர் இறால் பிடித்தார்கள். மீதிப் பேருக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடைகளிலும் வேலை. வீடுகளெல்லாம் தூண்கள் மேல் ஏறி நின்றன. ஆனாலும் கடல் அதைவிட உயரமாக வந்த வருஷங்கள் உண்டு.

அந்த வருஷம் செப்டம்பரில் புரூடன்ஸ் என்ற புயல் வளைகுடாவுக்குள் நுழைந்தபோது கவர்னர் தேர்தலுக்கு ஏழு வாரம் இருந்தது. அதனால் புயல் நுழைந்த நாளிலேயே தலைநகரில் "எரிபொருள் நம்பிக்கைக் குழு" என்று ஒன்று அமைக்கப்பட்டது. பெட்ரோல் என்ற சொல் வரும் எந்த அறிவிப்பும் மேற்படி குழுவின் முன்அனுமதி பெற்றே வெளியிடப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நோரிஸ் தன் அறிவிப்பை அனுப்பினார். பத்தே நிமிஷத்தில் தொலைபேசி அடித்தது. தலைநகரிலிருந்து இவ்வளவு சீக்கிரம் பதில் வந்து அவர் பார்த்ததில்லை. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தார்.

"மிஸ்டர் பீட்ரி, நான் லர்லீன் பேபின். கவர்னர் ஆபீஸ்ல ஆலோசகர். உங்க மூணாவது வரியப் பார்த்தோம்."

"சொல்லுங்க மேடம்."

"பெட்ரோல் நிரப்பி வைக்கச் சொல்லியிருக்கீங்க. அப்ப பெட்ரோல் தீரப்போகுதுன்னு அர்த்தம் வருது."

"வண்டி ஓடணும்னு அர்த்தம் மேடம்."

"அது நீங்க எழுதினது. ஜனங்க படிக்கிறது வேற. அந்த வரி வேணாம்."

"சரி, எடுத்துடறேன்."

"ரெண்டாவது வரியும் கொஞ்சம் இடிக்குது. தெற்குச் சாலைக்காரங்க எல்லாம் கிளம்பிட்டா சுத்திகரிப்பு ஆலையை யார் ஓட்டுறது? ஆலை நின்னா நாடு பூரா விலை ஏறும். ஏறினா பழி யார் மேல விழும்?"

"புயல் மேல."

"புயல் தேர்தல்ல நிக்கலையே, மிஸ்டர் பீட்ரி."

நோரிஸ் தன் தாளில் இரண்டாவது வரியையும் அடித்தார். பிறகு, "அப்ப முதல் வரி மட்டும் இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும். ஆனா 'வருகிறது'ன்னு அடிச்சுச் சொல்லாதீங்க. 'வானிலை ஒன்று பரிசீலனையில் உள்ளது'ன்னு போடுங்க."

மாலையில் கவர்னரின் அறிக்கை வந்தது. நாலு பக்கம். சுத்திகரிப்பு ஆலைகள் எத்தனை, எண்ணெய் மேடைகள் எத்தனை, சேமிப்பில் உள்ள பீப்பாய்கள் எத்தனை என்று ஒன்று விடாமல் இருந்தது. நோரிஸ் இரண்டு முறை படித்துவிட்டு லர்லீனைக் கூப்பிட்டார்.

"மேடம், இதுல ஜனங்க எங்க இருக்காங்க?"

"மூணாம் பக்கம் பாருங்க. 'நுகர்வோர்'னு போட்டிருக்கோம்."

எதிர்க்கட்சி வேட்பாளரும் சும்மா இருக்கவில்லை. கடலில் இன்னும் நிறையக் கிணறு தோண்டியிருந்தால் ஒரு புயலுக்கு இப்படி நடுங்க வேண்டியதில்லை என்றார். அவருடைய அறிக்கையில் ஓரிடத்தில் புரூடன்ஸுக்குப் பதில் மூன்று வருஷத்துக்கு முந்தைய புயலின் பெயர் இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருத்து அதேதானே.

செவ்வாய்க்கிழமை கவர்னரே நேரில் வந்தார். தெற்குச் சாலையில் இருந்த ஒரே பெட்ரோல் பங்கில் வைத்துப் பத்திரிகைக்காரர்களைச் சந்திப்பதாக ஏற்பாடு. பங்க் நோரிஸின் மனைவியுடைய தம்பி அல்சீட் வெர்டினுடையது. புயல் காலத்தில் தலைவர்களுக்கென்று ஓர் உடை உண்டு. டை கூடாது. பெயர் தைத்த மழைக்கோட்டு கட்டாயம். கோட்டுக்குள் சட்டைக் கை முழங்கைக்கு இரண்டு விரற்கடை கீழே மடித்திருக்க வேண்டும். அந்த வருஷம் புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருந்தது. இறால்காரர்கள் போடுகிற வெள்ளை ரப்பர் பூட்ஸ். கவர்னர் போட்டிருந்தார், ஆலோசகர்கள் போட்டிருந்தார்கள், டிரைவர்கள்கூடப் போட்டிருந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஒடேலியா நாக்கின் தன் வண்டிக்குள்ளிருந்தபடியே பார்த்தாள். அறுபதை நெருங்குகிறவள். சொந்தப் படகில் முப்பது வருஷமாக இறால் பிடிக்கிறவள். "தம்பி, இறாலையே பார்க்காத பூட்ஸா இருக்கே" என்றாள் நோரிஸிடம்.

அவளுக்கு முன்னால் நாற்பது வண்டிகள் பெட்ரோலுக்காக நின்றன. அறிவிப்பில் பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை இல்லாததே சனங்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருந்தது. லர்லீன் வரிசையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இந்த வண்டிங்கள எல்லாம் சர்ச்சுக்குப் பின்னால கொண்டுபோகச் சொல்லுங்க. கவர்னர் தட்டுப்பாடு இல்லன்னு பேசும்போது பின்னால வரிசை தெரியக் கூடாது."

"பெட்ரோல் போட்டுட்டாங்கன்னா தானாப் போயிடுவாங்க மேடம்" என்றான் அல்சீட்.

"அதுக்கு நேரமில்ல."

வண்டிகள் சர்ச்சுக்குப் பின்னால் போயின. பெட்ரோல் தீர்ந்து நின்ற இரண்டை ஆட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். கவர்னர் காலியான பங்கைக் கை காட்டி, "பாருங்கள், ஒரு வண்டிகூடக் காத்திருக்கவில்லை. எண்ணெய்க்கு ஆபத்தில்லை" என்றார். படம் எடுத்தார்கள். பிறகு, திரும்பிப் போக நூறு மைல் இருக்கிறதே என்று கவர்னருடன் வந்த பதினேழு வண்டிகளும், தொலைக்காட்சிக்காரர்களின் ஆறு வண்டிகளும் வரிசையாக வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டன. கடைசி வண்டிக்குப் பாதி போட்டதுமே பம்பு இருமி நின்றுவிட்டது.

நாற்பது வண்டிகளும் சர்ச்சுக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்தபோது அல்சீட் பம்பின் மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தான்.

புதன் காலையில் அவன் நோரிஸின் அலுவலகத்துக்கு வந்து தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். "மச்சான், அடுத்த லாரி வராது."

"ஏன்?"

"தலைநகருக்குத் திருப்பிட்டாங்க. அங்க எந்தப் பங்குலயும் தட்டுப்பாடு இல்லன்னு இன்னிக்கு டிவில காட்டணுமாம்."

சுவரில் வரைபடம் இருந்தது. புயல் நேராக அவர்களைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியிலும் அதே படம். அதில் எண்ணெய் மேடை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். தெற்குச் சாலைக்குப் புள்ளி இல்லை. நோரிஸ் அந்தச் சாலையில் பிறந்தவர். யார் வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், யார் வீட்டில் கைக்குழந்தை என்று பார்க்காமலே சொல்வார். லர்லீனைக் கூப்பிட்டார்.

"மேடம், எங்ககிட்ட பெட்ரோல் இல்ல. பஸ் அனுப்புங்க. ஜனங்கள வெளியேத்தணும்."

"வெளியேத்தணும்னா உத்தரவு வேணும். உத்தரவு போட்டா புயல அரசு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இன்னும் ஒத்துக்கல. பரிசீலனையிலதான் இருக்கு."

"எப்ப முடியும் பரிசீலனை?"

"வெள்ளிக்கிழமை."

"புயல் வியாழக்கிழமை வருது மேடம்."

"குழு வெள்ளிக்கிழமைதான் கூடுது. மிஸ்டர் பீட்ரி, எனக்கு இப்ப தலைக்கு மேல வேலை. நாளைக்கு ஆஷ்டன்ல கவர்னரோட எரிபொருள் நம்பிக்கைப் பேரணி. ரெண்டாயிரம் பேர் உக்கார்ற மண்டபம். இதுவரைக்கும் அறுபது பேர்தான் வர்றதாச் சொல்லியிருக்காங்க."

ஆஷ்டன் வடக்கே தொண்ணூறு மைல். மேட்டு நிலம். மண்டபம் கல் கட்டடம்.

நோரிஸ் அலுவலகத் தொலைபேசியில் பொய் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், எங்க ஊர்ல கவர்னர் மேல பயங்கர அபிமானம்."

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "எத்தனை பேர்?"

"ஆயிரத்து நூறு. ஆலையில வேலை பார்க்கிறவங்களும் வர்றேங்கிறாங்க. போக வர வண்டிதான் இல்ல."

"பேரணின்னா பஸ்ஸுக்குக் கணக்கே இல்ல. டீசலும் கட்சி வண்டியிலயே வரும். எல்லாரும் பெரியவங்கதானே?"

"குழந்தை குட்டி, படுக்கையில இருக்கிறவங்க, நாய் பூனை எல்லாம் உண்டு."

"நாயுமா?"

"நாய்க்கும் நம்பிக்கை இருக்கு மேடம்."

வியாழன் காலை ஏழு மணிக்கு இருபத்திரண்டு பேருந்துகள் கொடியும் தோரணமுமாகத் தெற்குச் சாலைக்குள் நுழைந்தன. செய்தி எப்படியோ எதிர் வேட்பாளருக்கும் எட்டியிருந்தது. ஒன்பது மணிக்கு அவருடைய பேருந்துகள் பதினெட்டு வந்தன. அவருடைய கூட்டம் ஆஷ்டனுக்கு அடுத்த ஊரில். கவர்னர் கூட்டத்தில் இறால் போட்ட ஜம்பலாயா சோறு, இவருடையதில் பன்றித் தொத்திறைச்சி. கட்சி பேதமில்லாமல் சனங்கள் பசிக்குத் தக்கபடி ஏறினார்கள். படுக்கையில் இருந்த ஏழு பேரை அல்சீட்டும் நோரிஸும் கட்டிலோடு தூக்கி ஏற்றினார்கள். கட்சிக்காரர் ஒருவர் கட்டிலில் கிடந்தவர்கள் கையிலும் ஆளுக்கொரு கொடியைக் கொடுத்தார்.

ஒடேலியா மட்டும் தன் படகில் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தாள்.

"அந்தாளுக்குக் கை தட்டவா? நான் கடலோடயே போறேன்."

காற்று ஏற ஆரம்பித்திருந்தது. படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கடைசிப் பேருந்து ஹாரன் அடித்தது.

"கை தட்ட வேணாம்க்கா" என்றார் நோரிஸ். "திட்டுங்க. இங்க உக்காந்து திட்டினா யாருக்குக் கேக்கும்? முதல் வரிசையில இடம் போட்டுத் தர்றேன். நேருக்கு நேரா ஆசை தீரத் திட்டுங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மைக் குடுப்பாங்களா?"

"உங்களுக்கு மைக் எதுக்குக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். படகைக் கட்டிவிட்டு இறங்கி வந்தாள்.

அன்று மாலை ஐந்தரைக்கு, எண்ணெய்க்கு ஆபத்தில்லை என்று கவர்னர் ஆறாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது மண்டபத்தில் மின்சாரம் போனது. அதே நேரத்தில் தெற்குச் சாலையின் மேல் கடல் ஏறிக்கொண்டிருந்தது. முப்பது வீடுகளுக்குக் கூரை போனது. அறுபது வீடுகள் இருந்த இடத்தில் தூண்கள் மட்டும் மிஞ்சின. அல்சீட்டின் பம்பைப் பிறகு சர்ச்சின் பலிபீடத்துக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். ஒருவரும் சாகவில்லை.

சாலை மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது. அதனால் யாரும் மண்டபத்தை விட்டு நகரவில்லை. கவர்னர் சனிக்கிழமை எட்டிப்பார்த்தபோதும் கூட்டம் அப்படியே இருந்ததைக் கண்டு கண் கலங்கினார். முதல் வரிசையில் ஒடேலியா அவரை நாற்பது நிமிஷம் விடாமல் திட்டினாள். உரிமையோடு பேசுகிறார்கள் என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "மூன்று நாள் கலையாத கூட்டம்" என்று பத்திரிகைகள் எழுதின. ஆலையை ஓட்ட ஆளில்லாமல் ஆலை நின்றது, பெட்ரோல் விலையும் ஏறியது. நம்பிக்கை இல்லாதிருந்தால் இன்னும் ஏறியிருக்கும் என்று குழு அறிக்கை விட்டது.

புயலால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நடத்த முடியாமல் போன அந்தக் குழு அடுத்த மாதம் கூடிப் புயலை முறைப்படி ஒத்துக்கொண்டது. அதன் பதிவேட்டில் இப்படி இருந்தது: "பாயிண்ட் மரே. வெளியேற்றப்பட்டவர்கள்: இல்லை. இறந்தவர்கள்: இல்லை. ஆகவே மேற்படி பகுதி மக்கள் புயலைத் தாங்கும் இயல்பினர் எனக் கொள்ளப்படுகிறது."

கவர்னர் மறுபடி ஜெயித்தார். தெற்குச் சாலையில் அவருக்கு அதுவரை காணாத ஓட்டு. சோறு நன்றாக இருந்தது என்று சனங்கள் சொல்லிக்கொண்டார்கள். நன்றிக்கடனாக அவர் நோரிஸுக்குப் பேருந்துகளையும், நிலத்துக்கடியில் ஒரு பெரிய டீசல் தொட்டியையும், யாரையும் கேட்காமல் அறிவிப்பு வெளியிடும் அதிகாரத்தையும் கொடுத்தார். ஒரு பேரிடர் அதிகாரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நோரிஸ் அந்தக் குளிர்காலம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த ஆகஸ்டில் வளைகுடாவுக்குள் இன்னொரு புயல் வந்தது. அறிவிப்பு அன்றைக்கே கதவுகளில் ஒட்டப்பட்டது. பேருந்துகள் நேரத்துக்கு வந்து நின்றன, தொட்டி நிரம்ப டீசல் இருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் ஏறவில்லை. அல்சீட் மட்டும் வந்து சாப்பாடு என்ன என்று கேட்டான். இல்லை என்றதும் திரும்பிப் போய்விட்டான்.

நோரிஸ் படகுத்துறைக்கு நடந்தார். ஒடேலியா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கிளம்பலையா? புயல் வருது."

அவள் நிமிர்ந்து, விவரம் தெரியாதவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். "இந்த வருஷம் எலெக்‌ஷனே இல்லையே தம்பி. அப்புறம் எங்கிருந்து புயல் வரும்?"

நோரிஸுக்குச் சிரிப்பு வந்தது. அதைத் திருப்பி வீட்டில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். சாலை வளைவில் வந்து தன் வீட்டைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. ஜன்னலுக்குப் பலகை அடிக்கவில்லை. காரில் அவரும் பெட்ரோல் போட்டிருக்கவில்லை. ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை. அவர் மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.