சொலுஷன் போட்டு ஒட்டிய செய்தி

விவாதத்தில் தோற்றுப்போன ஒரு மனிதனை நான் ஒரே ஒருமுறைதான் நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். சலூன் கண்ணாடியில் பார்த்தேன். கையில் பெட்ரோல் துணியோடு நின்றுகொண்டிருந்தான்.

அதற்கு முன்னும் பின்னும் நான் தோற்றதே கிடையாது. (என் மனைவியிடம் தோற்றதை இதில் சேர்க்கக் கூடாது. அது விவாதம் அல்ல.) நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று கொட்டகலையில் ஹார்ட்வெயார் கடை, இரண்டு லொறி, மாடி வைத்த வீடு. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. படித்தவர்கள் என் கடைக்கு வந்து, எந்த ஆணி வாங்குவது என்று என்னிடம் கேட்டுத்தான் வாங்கிப் போகிறார்கள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னை ஒரேயடியாக மடையன் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

எண்பதுகளின் தொடக்கம். கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், ரோட்டோரமாக ஏழெட்டுக் கடைகள் இருந்த ஒரு சின்னக் கடைவீதி. அங்கே நான் டயருக்கு ஒட்டுப் போடும் கடை வைத்திருந்தேன். எனக்கு வயது இருபத்தாறு. பக்கத்துக் கடை அருளப்பன் அண்ணனுடைய சலூன். முடி வெட்ட வருகிறவர்களைவிட வழக்காட வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். தலையில் ஐந்து மயிர் மட்டும் மிஞ்சிய பெரியவர்கள்கூட தினமும் தவறாமல் வந்தார்கள்.

அந்தச் சலூனில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே படித்த சங்கதி எதையும் வாயால் சொன்னால் செல்லாது. பேப்பரில் வந்ததை வெட்டிக் கொண்டுவந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பலகையில் ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு. எஸ்டேட் ஆபீஸ் கிளாக்கர் சாமுவேல் இதில் மன்னன். பேச்சை முடிக்கும் முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வெளியே வந்துவிடும். எந்தப் பேப்பர், எந்தத் தேதி என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பார். அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். (பொறாமை என்று நினைப்பீர்கள். சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.)

அந்த மாதம் டெலிவிசனைப் பற்றிப் பெரிய சண்டை. எங்கள் கடைவீதியில் டெலிவிசனைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. அதனால் எல்லோருக்கும் அதைப் பற்றி உறுதியான கருத்து இருந்தது. அதைப் பார்த்தால் கண் குருடாகும் என்றேன் நான். ஆகாது என்றார் சாமுவேல். நான் குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை.

"ஆதாரம் இருந்தா பலகையில ஒட்டுங்க முருகையா. இல்லாட்டிப் போய் டயருக்கு ஒட்டுங்க," என்றார்.

தலைக்கு மேல் கத்தரிக்கோல் இருப்பதையும் மறந்து சலூனே சிரித்தது. நாற்காலியில் இருந்தவர் குலுங்கியதில் காதோரம் ஒரு கொத்து அதிகமாகப் போய்விட்டது. அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை வழி பிறந்தது. எங்கள் கடைவீதிக்கு வருவதே மூன்று பேப்பர். ஒன்று எஸ்டேட் துரை பங்களாவுக்கு, ஒன்று செட்டியார் மளிகைக்கு, ஒன்று சலூனுக்கு. சலூன் பேப்பரை விரித்தேன். 'தொலைக்காட்சி கண்களைப் பாதிக்குமா?' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். பேப்பர்க்காரன் கேட்டது கேள்வி. எனக்கு அது பதிலாகத் தெரிந்தது. முதல் நாலு வரியை எழுத்துக்கூட்டி வாசித்தேன். கண் எரிச்சல், கண்ணீர், தலைவலி. அதற்குக் கீழே இன்னும் இரண்டு பத்தி இருந்தது. வெற்றி கிடைத்த பிறகு மேலே எதற்கு மலையேற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அருளப்பன் அண்ணன் வெந்நீர் எடுக்கப் பின்னால் போன சமயம் பார்த்து, முடி வெட்டும் கத்தரிக்கோலாலேயே அதை வெட்டி எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மிச்சப் பேப்பரைப் பழையபடி மடித்து வைத்துவிட்டேன்.

எல்லோரும் சோற்றுப் பசையால்தான் ஒட்டுவார்கள். எங்கள் ஊர்ப் பனிக்கு அது மூன்றாம் நாளே உரிந்து விழும். நான் தொழில்காரன் இல்லையா? என் கடையிலிருந்து டியூப் ஒட்டும் சொலுஷனைக் கொண்டுவந்தேன். பலகையை அரம் வைத்துத் தேய்த்தேன். பலகையிலும் தடவி, பேப்பரின் முதுகிலும் தடவி, ஊதிக் காயவைத்து, ஒட்டி, மேலே சுத்தியலால் நாலு தட்டும் தட்டினேன். லொறி டயரையே தாங்குகிற ஒட்டு. கிளாக்கர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை மூன்று நாள் அந்தப் பலகைக்குக் காவல் நின்றேன். தேவையே இல்லாமல் திங்கட்கிழமை சவரமும் செய்துகொண்டேன், அதைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம் என்று.

புதன்கிழமை மத்தியானம் செல்வமேரி வந்தாள். ஃபாக்டரியில் வேலை செய்த அந்தோணி அண்ணனின் மகள். பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, டீச்சர் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, அது வரும்வரை மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சலூனுக்குள் பெண்கள் வருவதில்லை. வாசலுக்கு வெளியே, மழையில், குடையோடு நின்றாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமைப் பேப்பர் இருக்குங்களா?" என்றாள்.

என் புகழ் மலைவரைக்கும் ஏறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பலகைக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, அந்த நாலு வரியையும் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். மழையில் நின்றபடி பொறுமையாகக் கேட்டாள்.

"அது இல்லைங்கண்ணே. டீச்சர் இண்டர்வியூவுக்குப் பேர் வந்திருக்காம். கடுதாசி வராது, பேப்பர்லதான் போடுவாங்களாம். செட்டியார் கடையில மிளகாய் மடிச்சுக் குடுத்துட்டாங்க. பங்களாவுல அடுப்புக்குப் போயிருச்சாம். இங்க ஒண்ணுதான் பாக்கி. என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

அருளப்பன் அண்ணன் மடித்த பேப்பரை எடுத்து விரித்தார். இரண்டு தாள்தான் மிஞ்சியிருந்தது. ஒன்றின் நடுவில் ஜன்னல் மாதிரி ஓட்டை. ஓட்டைக்கு மேலே 'ஆசிரியர் நேர்முகப் பரீட்சை' என்ற தலைப்பு மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை; ஓட்டை வழியாக அண்ணனுடைய கண் என்னைப் பார்த்தது.

"தம்பி, இதோட முதுகு எங்க?"

நான் பலகையைப் பார்த்தேன். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள்.

தண்ணீர் தொட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. வெந்நீர் ஊற்றப் போனார்கள். "தண்ணிக்கெல்லாம் அசையாது," என்றேன். அந்த நேரத்திலும் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. செல்வமேரி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பெட்ரோல் ஞாபகம் வந்தது.

சொலுஷனை இளக்குவது பெட்ரோல் ஒன்றுதான். ஓடிப்போய்ப் போத்தலோடு வந்தேன். சலூனில் பீடி எல்லாம் அணைந்தன. துணியில் நனைத்து ஓரம் ஓரமாக ஒற்றி, குழந்தையின் புண்ணில் ஒட்டிய துணியை உரிப்பதுபோல உரிக்க ஆரம்பித்தேன். பாதி உரித்திருப்பேன், லீவு முடிந்து சாமுவேல் உள்ளே வந்தார். பெட்டியைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். நான் உரித்துக்கொண்டிருந்ததைக் கடைசி வரியிலிருந்து வாசித்தார்.

"ஆகவே, தகுந்த தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று வைத்தியர் கூறினார். அட, எனக்காகவா முருகையா இவ்வளவு பலமா ஒட்டினீங்க?"

அப்போதுதான் தலையைத் திருப்பினேன். கண்ணாடியில் அந்த மனிதன் நின்றான்.

பேப்பர் உரிந்து வந்தது. திருப்பினால், வியாழக்கிழமை காலை ஒன்பது மணி, நுவரெலியா என்று தெளிவாக இருந்தது. வியாழன் என்றால் மறுநாள். பெயர்களும் இருந்தன. ஆனால் பாதிப் பெயரோடு பட்டியல் அறுந்திருந்தது. 'பேர் வந்தவர்கள் மட்டும்' என்று போட்டிருந்ததால் பேர் தெரியாமல் போகவும் முடியாது. நான் என் செய்தியின் ஓரத்தைப் பார்த்து வெட்டியவன். அடுத்த பக்கத்தின் ஓரம் எனக்கு எப்படித் தெரியும்? மிச்சப் பட்டியல் மிச்சத் தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாளின் அடிப்பாகத்தை அண்ணன் திங்கட்கிழமையே கிழித்துவிட்டார். சவரக் கத்தியில் ஒட்டும் நுரையைத் துடைக்க அவருக்குத் துண்டுத் துண்டாகப் பேப்பர் வேண்டும்.

துடைத்ததெல்லாம் மூலையில் ஒரு தகரத்தில் கிடந்தது. வாரக் கடைசியில்தான் எரிப்பார். தகரத்தைக் கவிழ்த்தோம். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஊரின் பெரிய மனிதர்கள் ஆறு பேர் தரையில் குந்தி, மற்றவர்களுடைய தாடியும் நுரையும் காய்ந்து ஒட்டிய காகிதங்களைப் பிரித்துப் பிரித்து வாசித்தோம். முதலில் குந்தியவர் சாமுவேல். வெள்ளைக் கால்சட்டையோடு.

கடைசியில் அவர் கையில்தான் கிடைத்தது. "அ. செல்வமேரி" என்று வாசித்தார், மாதா கோயிலில் வேதம் வாசிக்கிற குரலில். வாசலில் குடை சாய்ந்தது. அந்தப் பிள்ளை மழையில் நனைந்தபடி அழுதாள். நானும் அழுதேன், பெட்ரோல் நெடி என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அருளப்பன் அண்ணன் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல ஒட்டியிருக்கது கருப்பு மயிரு. திங்கக்கிழமை சவரம் செஞ்சதுல கருப்புத் தாடி நீ ஒருத்தன்தான் தம்பி," என்றார்.

அடுத்த ஞாயிறு பலகைக்கு மேலே அண்ணன் பெயிண்டால் சட்டம் எழுதினார். வாசகம் எழுதிக் கொடுத்தது சாமுவேல். பேப்பரை வெட்டக் கூடாது, வேண்டியதைக் கையால் எழுதி ஒட்டு. எந்தப் பேப்பர், எந்தத் தேதி என்று போடு. கடைசி வரிவரை வாசித்துவிட்டுக் கொண்டுவா. அதைப் பற்றி உன் கருத்து என்ன என்று ரெண்டு வரி சொல், பேப்பரை ஒட்டிவிட்டு ஓடாதே. கடைசிச் சட்டம் எனக்கென்றே போட்டது: சொலுஷன் கூடாது. ஒரு மனிதனுக்காக ஒரு ஊரே சட்டம் இயற்றுவது லேசான காரியமா? நாலாம் வகுப்புப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது?

செல்வமேரிக்கு வேலை கிடைத்தது. பெட்ரோல் நாறும் துண்டையும் நுரைத் துண்டையும் கையோடு கொண்டுபோயிருக்கிறாள். இண்டர்வியூ வைத்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தத் துண்டிலேயே கண் போய், டெலிவிசனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸில் போகும்போது முழுவதையும் இரண்டு தடவை வாசித்தவள் அவள். கடைசி வரிவரை சொல்லியிருக்கிறாள். ஆகவே அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். மறுத்துப் பேசியவர்கள் உண்டு. ஆதாரத்தோடு மறுத்தவர் இல்லை.

செல்வமேரி டீச்சர் இப்போது பென்சன் வாங்குகிறார். என் மூத்த மகளுக்கு அவர்தான் வகுப்பு டீச்சராக இருந்தார். முதல் நாளே கதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதனால் என் வீட்டில் ஒரு கல்யாணக் கார்ட் வந்தாலும், கரண்ட் பில் வந்தாலும், நான் கையில் எடுத்தால் போதும். "மொதல்ல பின்பக்கம் பாருங்க," என்று ஏதாவது ஒரு அறையிலிருந்து குரல் வரும்.

பழைய கடைவீதிக்காரர்களை எல்லாம் சேர்த்து என் மகள் போனில் ஒரு குரூப் போட்டிருக்கிறாள். டீச்சரும் அதில் இருக்கிறார். போன மாதம் முருங்கை இலையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தலைப்பைப் பார்த்தேன், உடனே அனுப்பிவிட்டேன். ஒரு நிமிடத்தில் டீச்சரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"பின்பக்கம் பாத்தீங்களாண்ணே?"

நான் போனைத் திருப்பிப் பார்த்தேன்.

என் மனைவி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள் இந்தக் கதையைச் சொல்லும்போது போனிலிருந்துதான் ஆரம்பிக்கிறாள். சலூன் பகுதி, தேநீர் வந்த பிறகு.