விளக்கு ஆடுவதற்கு என் தாயார் பொறுப்பல்ல

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்,
17-11-1972

தருமபுரியில் வயரிங் வேலை பார்க்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி மதலைமுத்துவுக்கு, மச்சான் சின்னப்பராஜ் ஆசீர்வாதத்தோடும் அதைவிடக் கொஞ்சம் அதிகமான கோபத்தோடும் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நான், உன் அக்காள் லூர்தம்மாள், மாடு, கன்று எல்லோரும் சுகம். நீ போட்டுக்கொடுத்த விளக்கு மட்டும் சுகமில்லை.

போன ஈஸ்டருக்கு வந்து வயரிங் செய்துவிட்டு, "இன்னும் இருவது வருசத்துக்குக் கை வெக்க வேண்டியதில்லீங்க மச்சான்" என்று சொல்லிப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? இருபது வருஷம் எங்கே, எட்டு மாதம்கூட ஆகவில்லை. இந்த மாதம் பிறந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, நாங்கள் செபமாலை சொல்ல முழந்தாளிட்டதும், கூடத்து பல்பு மினுக்மினுக்கென்று ஆடுகிறது. ஆடினால் ஆடட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நவம்பர், செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற ஆன்மாக்களின் மாதம் அல்லவா? மூன்றாம் நாளே உன் அக்காள் செபமாலையைப் பாதியில் நிறுத்தி, "ஏனுங்க, இது உங்கம்மாதானுங்க. மோட்சம் போவ முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து தவிக்கிறாங்க, பூசை கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! என் தாயார் வேளாங்கண்ணியம்மாள் எப்பேர்ப்பட்டவள்? தவக்காலம் முழுக்க ஒருவேளைக் கஞ்சி குடித்தவள். யாரையும் ஒரு வார்த்தை திட்டாதவள், உன் அக்காளைத் தவிர. நேரே மோட்சம்தான் என்று அடக்கத்தன்று சாமியாரே சொன்னார். நாலு வருஷம் கழித்து அவளை உத்தரிக்கிற ஸ்தலத்தில் தள்ளியது உன் வயரிங்!

நான் சும்மா இருக்கவில்லை. பல்பை மாற்றினேன், ஆடியது. ஹோல்டரை மாற்றினேன், ஆடியது. பக்கத்துக் காட்டு மாதப்பன் கிணற்று மோட்டார்தான் கரண்டை இழுக்கிறது என்று வரப்பில் நின்று சண்டை போட்டேன். "இன்னிக்கி நான் மோட்டாரே போடலீங்க, அப்பறம் பேசுங்க" என்றான். அன்றைக்கும் ஆடியது. இப்போது அவனும் பெண்டாட்டியோடு ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறான். தெருவே வருகிறது. கோயில் உபதேசியார் இன்னாசி பல்பை அண்ணாந்து பார்த்து, "வேளாங்கண்ணி, இன்னும் எத்தனை பூசை வேணும்?" என்று கேட்கிறார். அது ஆறு தடவை மினுக்கியது; ஆறு என்று எழுதிக்கொண்டார். என் வீட்டில், என் பல்பின்கீழ், என் தாயாருக்கு இந்த அவமானம்!

இதில் பெரிய கூத்து என் அண்ணன் சவுரியப்பன். கிணற்றுத் தண்ணீர் முறைக்குச் சண்டை போட்டு, அம்மா அடக்கத்துக்குப் பிறகு என் வாசலை மிதிக்காதவன், சேதி கேட்டு வந்துவிட்டான். என்னோடு பேசுவதில்லை. பல்போடு பேசுகிறான். "கடேசி காலத்துல உனக்கு ஒருவாய் கஞ்சி ஊத்தலியே, மன்னிச்சுக்க ஆத்தா" என்று துண்டால் கண்ணைத் துடைக்கிறான். பிறகு லூர்தம்மாள் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போகிறான். நேற்று மட்டும் வாசலில் நின்று, "ஏன்டா இப்பிடி இருமற, கசாயம் குடிச்சியா?" என்று கேட்டான். நானும் "ம்" என்றேன்.

ஆகவே நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கு வந்து, தெருவார் முன்னிலையில், கோளாறு உன் வயரிங்கில்தான், என் தாயாரிடத்தில் அல்ல என்று நிரூபித்துவிட்டுப் போகவேண்டியது. இல்லாவிட்டால் நம் உறவு இத்தோடு சரி.

தேவமாதா உன்னையும் உன் பெண்டாட்டி பிள்ளைகளையும் காப்பாளாக. நீ வயரிங் செய்த மற்ற வீடுகளையும் சேர்த்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
சின்னப்பராஜ்

பின்குறிப்பு: நீ வரவேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடப் போகும்போது லைன்மேன் கோவிந்தன் எதிரே வந்தார், கூட்டிவந்து காட்டினேன். "மெயின்ல பியூஸ் கட்டைய பாதிதானுங்க சொருகியிருக்கு. ஏழு மணி பஸ்ஸு வாசல்ல நின்னு உறுமறப்ப செவுரு அதிருது, கட்டை ஆடுது, லைட்டும் ஆடுது. யாரு கழட்டுனது?" என்றார். கல்லறைத் திருநாளுக்கு முந்தி ஒட்டடை அடிக்கக் கழற்றி மாட்டியது நான்தான். உன் வயரிங்கில் குற்றமில்லை, மன்னித்துவிடு. கட்டையை அமுக்கிவிட்டுப் போனார். இன்று ஏழு மணிக்கு பஸ் வந்தது, பல்பு அசையவில்லை. "அத்தை மோட்சம் போயிட்டாங்க" என்று உன் அக்காள் கைகூப்பினாள். தெருவார் கலைந்து போனார்கள். ஜெயித்தவன் நான், சந்தோஷப்பட வேண்டும். அண்ணன் மட்டும் பல்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில், "அப்ப நாளையிலருந்து எனக்கு இங்க வேலையில்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவன் தெருமுனை திரும்பியதும் ஸ்டூல் போட்டு ஏறி, கட்டையைப் பாதி வெளியே இழுத்து வைத்துவிட்டேன். அம்மா இன்னும் கொஞ்ச நாள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கட்டும், பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்வாள். உன் அக்காளிடம் மூச்சு விடாதே.