செஞ்சு காட்டற ஸார்

பள்ளிக்கூட நாடக ஸார் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் கணக்கோ சரித்திரமோ நடத்திக்கொண்டு நம்மைப்போல மனுஷராகத்தான் இருப்பார். ஆண்டுவிழா நெருங்கியதும் அங்கவஸ்திரம் தோளில் நிற்காது, குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிடும், "சாக்பீஸ் எங்கே?" என்பதைக்கூட நாடு இழந்த ராஜா கேட்பதுபோலக் கேட்பார். அந்தச் சமயத்தில் அவர் எதிரே போகாதீர்கள். போனால் உங்களுக்கும் ஒரு மந்திரி வேஷம் கிடைத்துவிடும்.

திருவனந்தபுரத்தில் இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்தியவர் கரமனை கல்யாணராமய்யர். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு, நான் பூகோளம். வருஷாவருஷம் நடக்கும் தமிழ் நாடகத்துக்கு அவர்தான் எழுத்து, பாட்டு, டைரக்ஷன். நான் பிராம்ப்டர். பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பையன்கள் மறந்துபோகிற வரியை எடுத்துக் கொடுப்பதும் திரை தூக்க மணி அடிப்பதும் என் உத்தியோகம். ஆனால் வரியை மறக்க வேண்டுமென்றால் முதலில் அதைச் சொல்ல விடவேண்டாமா?

அங்கேதான் அவருடைய வியாதி. நாடக ஸாருக்குப் பையன்களை நடிக்கவைக்க ஆசை என்றா நினைக்கிறீர்கள்? ஐயோ பாவம்! பையன் வாயைத் திறந்து அரை வார்த்தை விடுவதற்குள், "மதி, மதி! அப்படியில்லேடா. நான் செஞ்சு காட்டறேன், பாரு" என்று பாய்ந்து வருவார். ராஜாவாகக் கர்ஜிப்பார், ராஜகுமாரியாக நாணிக் கோணுவார், காவலாளியாக ஈட்டி பிடிப்பார், அந்தக் காவலாளியின் குதிரையாக நின்று கனைத்தும் காட்டுவார். நடிகர்கள் எல்லோரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு பார்ப்பார்கள். அதற்குப் பெயர் ஒத்திகை.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் 'மதி' என்றால் 'போதும்'; 'அது மதி' என்றால் 'அதுவே சரி'. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்ட எங்கள் தமிழுக்குள் அந்த வார்த்தை யாரிடமும் உத்தரவு கேட்காமல் புகுந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. அய்யருக்கு அவர் சம்சாரம் அனந்தலக்ஷ்மி சாதம் பரிமாறினால் மதி, மழை வலுத்தால் மதி, பையன் நடித்தால் உடனே மதி. அப்பேர்ப்பட்டவர் அந்த வருஷம் எழுதிய நாடகம் 'மதிவதனா கல்யாணம்'. மதிவதனா என்றால் சந்திரனைப் போன்ற முகம் உடையவள். ராஜகுமாரன் அவளைச் செல்லமாக 'மதி' என்று கூப்பிடுவான். பேனாவைப் பிடித்தால் அய்யருக்கு மதி சந்திரன், வாயைத் திறந்தால் போதும். இரண்டும் ஒரே வார்த்தை என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷ நாடகத்துக்கு ஒரு கண்டம் வேறு இருந்தது. ஹெட்மாஸ்டர் ஞானசிகாமணி, நாகர்கோவில் பக்கத்துக்காரர், கூப்பிட்டனுப்பினார்.

"அய்யரே, மூணு வருஷமா உம்ம ராஜகுமாரனுக்குக் கல்யாணமே ஆகல்லியே! நடுவிலே நீரு மேடையேறிச் செஞ்சு காட்டுகீரு, ஜனம் எழும்பி வீட்டுக்குப் போவுது. இந்தத் தடவையும் மாலை விழல்லேன்னா நாடகத்தை நிறுத்திப்போடுவேன். அடுத்த வருஷம் முதல் டிரில் மாஸ்டர் பையன்களை வச்சுப் பிரமிட் கட்டட்டும்."

அய்யர் முகம் செத்துவிட்டது. மனிதருக்கு அந்த நாடகம் ஒன்றுதான் உலகத்தில் உண்டு. அது போனால் அவருக்குக் கணக்கு மட்டுமே மிஞ்சும்.

உடனே ஏற்பாடுகள் பலமாயின. திரைக்கயிற்றுக்கு வேலாயுதன் நியமிக்கப்பட்டான். பள்ளிக்கூடப் பியூன், மலையாளி, சொன்ன சொல் தவறாதவன். "நான் மதின்னு சொன்னா அந்த நிமிஷமே திரைச்சீலை விழணும், கேட்டியா? நான் செஞ்சு காட்டறது சபைக்குத் தெரியப்படாது. மணி அடிச்சாத்தான் தூக்கணும்" என்றார் அய்யர்.

"ஸாரு பறஞ்ஞா மதி!" என்றான் வேலாயுதன். ஸார் சொன்னால் போதும் என்று அர்த்தம். சொன்னவன் தன் வாயிலிருந்து வந்த மதிக்கே கட்டுப்பட்டுக் கயிற்றை விட்டான். திரை அய்யர் தலையில் விழுந்தது. அவர் மகிழ்ந்துபோனார்.

ஒத்திகைகளில் ராஜகுமாரன் ஸ்ரீகண்டன் "மதி!" என்று ஆரம்பிப்பான். அதே மூச்சில் அய்யர், "மதி, மதி! அப்படியில்லேடா" என்று குதிப்பார். திரை விழும். யார் சொன்ன மதிக்கு விழுந்தது என்று பார்ப்பாரில்லை.

விழா நாள் சாயங்காலம் வந்தது. முன்வரிசையில் மலையாள உத்தியோகஸ்தர்கள், பின்னால் கரமனை, ஸ்ரீவராகம் தெருக்களின் தமிழர்கள் குடும்பத்தோடு. நான் மணி அடித்தேன், திரை எழுந்தது. நந்தவனம். மதிவதனாவாக நாகேஸ்வரன் புடவையும் மூக்குத்தியுமாகப் பூப்பறித்துக்கொண்டிருந்தான். ஸ்ரீகண்டன் வந்தான், கண்டான், கையை நீட்டினான்.

"மதி!"

அய்யர் அத்தனை நாள் செஞ்சு காட்டியது வீண்போகவில்லை. அச்சு அசல் அய்யரின் குரல்! திரை தொப்பென்று விழுந்தது.

மறுபடி மணி அடித்தேன், திரை எழுந்தது. "மதி! என் மதி!" விழுந்தது. முன்வரிசையில் ஒருவர், "பாவம், பெண்ணெக் கண்டப்பொழே அவனு மதியாயி!" என்றார். பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் போதும் போதும் என்று கதறுகிற காதலனை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. சிரிப்பு பின்வரிசைவரை போயிற்று. நான் மூன்றாம் தடவை மணி அடித்தேன். அய்யர் வேலாயுதனிடம் ஓடி, "எத்தனை தடவைடா போடுவே? மதி! நிறுத்து, மதி!" என்று அலறினார். வேலாயுதன் நிறுத்தினான். அதாவது, போட்டான்.

வெளியே நாற்காலிகள் நகர்ந்தன. சிலர் குடையைத் தேடினார்கள். டிரில் மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார். அய்யரோ மேடை நடுவே போய், "மதின்னு சொல்லாதேடா. வதனான்னு கூப்பிடு. எப்படிக் கூப்பிடணும்னா... நான் செஞ்சு காட்டறேன், பாரு" என்று மண்டியிட்டு, கண்ணை மூடி, இரண்டு கையையும் நீட்டிவிட்டார்.

ஸ்ரீகண்டன் பார்க்கவில்லை. மாலையையும் நாகேஸ்வரனையும் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து திரைக்கு முன்னால் போய் நின்றான். சபையைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான். கரமனைத் தெருவில் பேசுகிற குரலில் சொன்னான்:

"ஏய், இவாள்ளாம் எழுந்து போறா. நாம இப்பவே கல்யாணம் பண்ணிண்டுடலாமா?"

நாகேஸ்வரன் மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டு, தலை குனிந்து சொன்னான்: "ம், அது மதி."

திரை ஏற்கெனவே கீழே இருந்தது. விழுவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. மாலை விழுந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மணியை ஓங்கி அடித்துவிட்டேன். திரை எழுந்தது. உள்ளே கல்யாணராமய்யர், கண் மூடியபடி, ஆளில்லாத நந்தவனத்தைப் பார்த்து, "வதனா!" என்று விம்மிக்கொண்டிருந்தார். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

"அய்யரே, ஒருவழியாக் கல்யாணம் ஆச்சு" என்றார் ஹெட்மாஸ்டர். "அடுத்த வருஷமும் நடத்தும். திரையை மட்டும் தூக்கவேண்டாம்."

அய்யரும் நானும் வீட்டுக்கு நடந்து போனோம். கரமனைப் பாலம் வந்ததும், "அந்த வரி நான் எழுதினதில்லே. நான் சொல்லிக்குடுத்ததும் இல்லே. அவனுக்கு எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார். நாடகம் பிழைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. பாலத்தின் நடுவே திடீரென்று நின்றார். "ஆனா, 'பண்ணிண்டுடலாமா'ன்னு கேக்கறச்சே வலதுகை இப்படி வந்திருக்கணும். செஞ்சு காட்டறேன், பாருங்கோ."

எதிரே வந்த மாட்டுவண்டி நின்றுவிட்டது.

நீங்கள் நன்றாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் விருந்தாளிகள் முன்னால் உங்கள் பெண் பாட ஆரம்பித்தபோது, இரண்டாவது அடியிலேயே கூடச் சேர்ந்துகொண்டது யார்? வீட்டில் ஒருவர் ஊர்ச் சமாசாரம் சொல்ல வாயெடுத்தால், "அப்படியில்லே, நான் சொல்றேன்" என்று பிடுங்கிக்கொள்வது யார்? அதெல்லாம் கிடக்கட்டும். சற்றுமுன் நாகேஸ்வரன் "அது மதி" என்றானே, அதை இன்னும் கொஞ்சம் இழுத்து, இன்னும் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றிற்று. உங்கள் உதடு அசைந்ததே!

வேண்டாம், எழுந்து செய்து காட்ட வேண்டாம். மதி.