உறவுக்காரர் சராசரி

தவளையின் எடை பன்னிரண்டு கிலோ என்று திரையில் நின்றது. சாம்பசிவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஆராய்ச்சி மாணவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டுப் போன உயிரினக் குறிப்புகளை அவர் ஒரே பட்டியலாக்க வேண்டும். ஒருவர் கிராமில் எழுதியிருந்தார், இன்னொருவர் கிலோவில். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால்தான் ஒப்பந்தம் நீளும். ஐம்பத்தைந்து வயதுவரை வைத்துக்கொள்வார்கள். அவருக்கு ஐம்பத்துமூன்று. மகள் மாளவிகா நர்சிங் முடிக்கவும் சரியாக இரண்டு வருஷம்.

எடை முழுவதையும் ஆயிரத்தால் வகுத்தார். தவளை சரியானது. யானை நாலு கிலோ ஆனது.

அலுவலகப் பிரிவு ஷைலஜா எட்டிப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். "சாரே, சாரோட ஃபைலைச் சிதல், கரையான், அரிச்சுட்டுது. குடும்ப விவரத் தாள் மட்டும்தான் மிச்சம். பிறந்த தேதி சர்ட்டிபிகேட் கொண்டு வரணும், கேட்டோ."

"இங்க யானை இளைச்சுண்டிருக்கு, உனக்கு சர்ட்டிபிகேட்டா? அப்பறம் பாக்கலாம்!"

யானையைக் கையால் திருத்தினார். உடனே கணினி, நாற்பது இடம் காலி, ஏற்க முடியாது என்றது. பூஜ்யம் போட்டார். நாற்பது ஜீவன்கள் எடையே இல்லாமல் போயின. கடைசியில் ஒரு விதி எழுதினார்: காலியாக இருந்தால் நெருங்கிய உறவுக்காரர்களின் சராசரியைப் போடு.

எல்லாம் நிரம்பியது. பொன்முடி மலை மண்ணுக்குள் புழுப்போல நெளியும் ஒரு பிராணி, தவளைக்குச் சொந்தம். அதற்குக் கால் இல்லாததால், கால்களின் எண்ணிக்கை இடத்தை மாணவர் காலியாக விட்டிருந்தார். இப்போது அதற்கு நாலு கால்.

துறைத் தலைவர் ஸ்ரீஜித்திடம் உண்மையைச் சொன்னார். "பொய் இல்லையா சார் இது?"

"மண்ணுக்குள்ள இருக்கறதோட காலை யாரு எண்ணப் போறா? காலி இல்லையே, அது மதி, போதும். ரூல் கொள்ளாம், நல்லாருக்கு. ஆபீஸ் லிஸ்டுக்கெல்லாம் இதையே போடச் சொல்லுதேன்."

வெளியே ஷைலஜா. "சாரே, சர்ட்டிபிகேட்..."

"நாளைக்கு, அம்மா."

வலியசாலையில் இருந்த வீட்டுக்கு மழையில் நனைந்துகொண்டே நடந்தார். இருபது வருஷம் உள்ளதை மட்டும் எழுதிய கை. வெட்கமாக இருந்தது. வீட்டில் மாளவிகாவிடம், "வேலை நின்னுடாது, நீ படி" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவோடு போனார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

"என்ன ஷைலஜா இது?"

"சார் தேதி கொண்டு வரலையே. காலியா விடக் கூடாதுன்னு ஆர்டர். சாரோட ரூல்படி, குடும்பத் தாள்ல இருந்த ரெண்டு அண்ணன்மார் வயசையும் கூட்டி சராசரி போட்டேன். சாருக்கு ஐம்பத்தெட்டு. மூணு வருஷம் முன்னாடியே சார் வீட்டுக்குப் போயிருக்கணும்."