சங்குக்காரர் எழுந்து போன ஆட்டம்

எங்கள் கல்லூரிக்கு எதிராகக் கூடைப்பந்து ஆட வந்த பெண்களில், சங்குக்காரரைப் பார்த்த பிறகு தண்ணீர் பாட்டிலைத் தேடாதவர் ஒருவர்கூட இல்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். எதிரணிப் பெண் ஃப்ரீ த்ரோ போடப் பந்தைத் தூக்குவாள். ரிங்குக்குப் பின்னாலிருந்து நீளமாக ஒரு சங்கு கிளம்பும். கோயில் சங்கு இல்லை, சாவு வீட்டுச் சங்கு. பந்து பலகையில்கூடப் படாமல் எங்கேயோ போய் விழும். அந்தப் பெண் பந்தைத் தேடாமல் தன் கை கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளின் பட்டறைகளைத் தாண்டி எங்கள் கல்லூரி. சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் சங்கு ஊத வருகிறவர் அவர்தான். பெயர் யாருக்கும் தெரியாது, கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. ஒடிசலான உயரம், வெள்ளை வேட்டி, எப்போதாவது மட்டும் இமைக்கிற கண். கைதட்ட மாட்டார், சிரிக்க மாட்டார். ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும் என்று நான் விளக்கியபோது, "அப்பறம் குளிச்சுட்டு உள்ள வந்துக்கலாங்களா?" என்று கேட்டார்.

அவரை உள்ளே கொண்டுவந்தது என் அறைத்தோழி வளர்மதி. நாமகிரிப்பேட்டைக்காரி, எங்கள் விசிறிக் கூட்டத்தின் தலைவி. அவள் கத்தினால் மைக் செட்டுக்காரர் வயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் மாலை, ஏதோ ஒரு ஊரில் காரியம் முடித்துவிட்டு வந்தவர் கம்பிவேலிக்கு வெளியே நின்று எங்கள் பெண்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளர்மதி போய்க் கேட்டாள்.

"ஏனுங்க, பேஸ்கட் பால் புடிக்குங்களா?"

"அது என்னமோ தெரியாதுங்க அம்மிணி. நான் போற ஊடெல்லாம் அழுவற ஊடு. இங்க எல்லாரும் கத்தறீங்க, குதிக்கறீங்க. கேக்கறதுக்கு நல்லா இருக்குது."

அன்றே கேலரியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஒரு முறை எங்கள் அணி தடுமாறியபோது, வளர்மதிதான் விளையாட்டாக, "ஊதி உடுங்க" என்றாள். அவர் ஊதினார். அதன் பிறகு எங்கள் மைதானத்தில் நாங்கள் தோற்கவே இல்லை.

வதந்தி கிளம்பாமல் இருக்குமா? அவர் யாரைப் பார்த்து ஊதுகிறாரோ அவளுக்குக் கணுக்கால் பிசகும் என்றார்கள். சேலத்திலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் அம்மா ஆட்டம் முடிகிற வரைக்கும் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே உத்தரவு போட்டார். எனக்கும் பயம்தான். ஆளில்லாத மைதானத்தைத் தாண்டி ஹாஸ்டலுக்குப் போகும்போது, அவர் உட்காரும் இடத்தை மட்டும் நான் பார்க்க மாட்டேன். பார்த்தால் அங்கே அவர் இருப்பார் என்று தோன்றும். ஒரு நாள் பார்த்தேன். இருந்தார். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதாம்.

பெற்றோர்கள் புகார் செய்ததில் கல்லூரி முதல்வர் கொதித்துப்போனார். படிக்கிற இடத்தில் சாவுச் சங்கா என்று பி.டி. சாரைக் கூப்பிட்டுக் கத்தினார். பி.டி. சார் கெஞ்சிக் கூத்தாடி ஒரு உடன்பாடு செய்துகொண்டு வந்தார். ஜெயிக்கிறவரை அவர் வரலாம், ஒரு ஆட்டம் தோற்றாலும் அதோடு கேட்டுக்கு வெளியே. இதை அவரிடம் சொன்னபோது சங்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "செயிச்சுருவாங்க சாமி" என்றார்.

அப்போதுதான் அந்த வெளியூர் ஆட்டம் வந்தது. காவிரிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி. எங்கள் பஸ் டிரைவர் அண்ணன் அந்தக் காலத்தில் அசாம் வரைக்கும் லாரி ஓட்டியவர். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் டீசல்கூடப் போட மாட்டார்.

"அந்தச் சங்கு ஏறுச்சுன்னா நான் எறங்கிக்கறேன். வண்டிய நீங்களே ஓட்டிக்குங்க" என்று சாவியை நீட்டினார்.

சங்குக்காரருக்குக் கோபமே இல்லை. "அவரு சொல்றது நாயந்தானுங்க. நான் டவுன் பஸ்ல வாரேன்" என்றார். வந்தும் சேர்ந்தார். வருகிற வழியெல்லாம் மூன்று பேர் சீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வந்ததாகச் சொன்னார், ஜனங்களுக்கு நல்ல மனசு என்று.

அந்த மைதானத்துக்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் ஆறு. வெயில் இறங்கிவிட்டது. எங்கள் கேப்டன் தாரணி அன்றைக்கு வெறி பிடித்தவள்போல ஆடினாள். குமாரபாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், எதிரூர்க் கூட்டம் எவ்வளவு கத்தினாலும் அவள் காதில் ஏறாது. கடைசிக் குவார்ட்டர் வரைக்கும் நாங்கள்தான் முன்னால் இருந்தோம்.

அவர்கள் பெண் ஒருத்தி ஃப்ரீ த்ரோவுக்கு வந்து நின்றாள். சங்குக்காரர் ஊதினார். பந்து வெளியே போனது. நாங்கள் கூச்சல் போட்டோம். கூச்சல் அடங்கியபோது சங்குச் சத்தம் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் சங்கை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தார்.

"எக்கோதான்டி. ஆத்துத் தண்ணியில பட்டுத் திரும்புது" என்றாள் வளர்மதி.

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, அவர் ஊதாமலேயே, மறுபடி கேட்டது. தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக, மெதுவாக. இந்த முறை எக்கோ என்று யாரும் சொல்லவில்லை. பந்தை வைத்திருந்த பெண் அதைத் தட்ட மறந்து ஆற்றுப் பக்கம் பார்த்தாள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். தென்னையில் அடையவந்து கத்திக்கொண்டிருந்த காக்கைகள் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

சங்குக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க, எங்க கெளம்பிட்டீங்க? தோத்தா உங்கள உள்ள உடமாட்டாங்க, தெரியுமில்ல?" என்று வளர்மதி அவர் முன்னால் போய் நின்றாள்.

"தெரியுஞ் சாமி. கூப்புடறாங்க. சாவுச் சங்கு காதுல உழுந்ததுக்கப்பறம் எங்க தொழில்ல ஒக்காந்து வேடிக்க பாக்கக் கூடாதுங்க. போயி ஒரு கை குடுக்கோணும்."

அவர் தோப்புக்குள் போனார். இருட்டு கூடிக்கொண்டிருந்த மரங்களுக்கு நடுவில் வெள்ளை வேட்டி கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பெண்கள் ரிங்கைப் பார்க்கவில்லை, தோப்பைத்தான் பார்த்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கூடையில் போடுகிற தாரணி, ரிங்குக்கு நேர் கீழே நின்று தவறவிட்டாள். ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் பிரேதப் பரிசோதனை நடந்தது. நடுவர் அவர்கள் ஊர்க்காரர் என்றாள் ஒருத்தி. ரிங் சாய்ந்திருந்தது என்றாள் இன்னொருத்தி. மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம்தான் எல்லாரையும் தூங்கவைத்தது என்று ஒரு கட்சி சண்டைக்கே வந்தது. சுற்றிச் சுற்றி எல்லாரும் சங்குக்காரரிடமே வந்து நின்றார்கள். அழைத்துவந்தவள் என்ற முறையில் வளர்மதிக்குத்தான் ஆத்திரம் அதிகம். "கூட்டிட்டு வந்து ஒக்கார வெச்சோம். நமக்கே ஊதிப்போட்டுப் போயிட்டாரு! இனி கேட்டுப் பக்கம் வரட்டும், பேசிக்கறேன்" என்றாள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பாலத்துக்குத் திரும்பும் வளைவில் ஹெட்லைட் ஒரு உருவத்தின் மேல் விழுந்தது. வேட்டி உடம்போடு ஒட்டியிருக்க, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, நெஞ்சோடு சங்கை அணைத்தபடி. பஸ் மொத்தமும் அலறியது. டிரைவர் அண்ணன் பிரேக் போட்ட போடில் தாரணியின் பை முன் சீட்டுக்கு வந்து சேர்ந்தது. முதலில் அடையாளம் கண்டவள் வளர்மதி. ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே விட்டாள்.

"எங்கீங்க போயிட்டீங்க?"

"ஆத்தோரமா ஒருத்தரக் கெடத்தியிருந்தாங்க அம்மிணி. நாதியத்தவரு. ரெண்டே பேருதான் எடுத்துட்டு வந்திருந்தாங்க. ஊதி வழியனுப்பிப் போட்டு, ஒரு முழுக்குப் போட்டுட்டு வாரேன்."

"ஊதறதுக்குத்தான் அங்க ஏற்கெனவே ஆளு இருந்துச்சே! நாங்க எல்லாருந்தான கேட்டோம்!"

அவர் அவளைக் குழப்பமாகப் பார்த்தார். "நானுங் கேட்டுட்டுத்தான போனேன். போயிப் பாத்தா அங்க ஏது சாமி சங்கு? ஊத ஆளில்லாமத்தான அவரு கெடந்தாரு."

அந்த நேரம் பார்த்து எஞ்சின் தானாக நின்றது. "கிளச்ச உட்டுட்டேன்" என்றார் டிரைவர் அண்ணன், யாரும் கேட்காமலே.

"நம்ம புள்ளைங்க செயிச்சாங்களா?" என்று சங்குக்காரர் கேட்டார்.

"இல்லீங்க, தோத்துட்டோம்" என்றாள் தாரணி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பந்தாட்டத்துக்கு ஒரு மனிதர் அப்படி உடைந்துபோவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கதவைத் திறந்தது டிரைவர் அண்ணன்தான். "ஈரத்தோட நிக்காதீங்க, ஏறுங்க. அதை மட்டும் துண்டுல சுத்திக்குங்க" என்றார். தாரணி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். வளர்மதி தன் துண்டை எடுத்துக் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

முதல்வர் சொன்ன சொல்லில் நின்றார். அடுத்த ஆட்டத்தன்று பி.டி. சார் கேட்டிலேயே சங்குக்காரரை நிறுத்திவிட்டார். அவர் பழையபடி கம்பிவேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டார். வளர்மதி எழுந்தாள். நாங்களும் எழுந்தோம். விசிறிக் கூட்டம் முழுவதும் வேலிக்கு வெளியே போய் அவரைச் சுற்றி நின்று கத்தியது. விருந்தினரோடு வந்த முதல்வர் காலி கேலரியைப் பார்த்துவிட்டு வேலிக்கு ஓடிவந்தார்.

"என்னம்மா இது?"

"சார், அவரு உள்ள வரக் கூடாதுன்னுதான சொன்னீங்க. நாங்க வெளிய வரக் கூடாதுன்னு சொல்லலீங்களே" என்றாள் வளர்மதி.

முதல்வர் விருந்தினரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அவரை மட்டும் நேராகப் பார்க்கவில்லை. "வந்து உக்காரட்டும். ஆனா ஊதக் கூடாது" என்றார்.

அதன் பிறகு அவர் அங்கே ஊதவே இல்லை. மடியில் சங்கோடு சும்மா உட்கார்ந்திருப்பார். எதிரணிப் பெண்கள் இப்போது ஊதுவார், இதோ ஊதுவார் என்று காத்திருந்தே பந்தைக் கோட்டைவிட்டார்கள். ஊதாமல் இருப்பது கஷ்டமாக இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "இங்க எதுக்கு சாமி ஊதறது? எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க" என்றார்.

இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறேன். என் கடைசிப் பயணத்துக்கு அவர்தான் ஊத வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். அவருக்கு என் அப்பாவைவிட வயது அதிகம் என்கிறார்கள். அதனால் என்ன, அவர் இருந்துதான் ஆக வேண்டும்.