டைனமோ ஆறிப்போன விவரம்

மரியே துணை.

திண்டுக்கல்,
14 மே 1961.

பட்டாளத்து மோட்டார் பிரிவில் ஸ்பேனர் பிடித்தே தலை நரைத்த மதிப்பிற்குரிய மச்சான் சூசை அவர்களுக்கு, பாஸ்கல் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் உங்கள் தங்கை வியாகுலம்மாளும் நானும் சுகம். சுகமில்லாதது வண்டி ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதங்களைக் கிராமங்களுக்குக் கொண்டு சேர்க்கும் என் வேனில், டைனமோ கொதித்துக் கொதித்து உள்ளே சுற்றிய கம்பி கருகுவதும், பாதி வழியில் பேட்டரி படுத்துவிடுவதும் உங்களுக்குத் தெரிந்ததே. நீங்கள் எழுதியபடி காற்றுப் போக அதன் பின்மூடியில் துளை போட்டேன். வேடசந்தூர் ரோட்டுப் புழுதி அத்தனையும் உள்ளே குடியேறியது. பெல்ட் ஓடும் புல்லிக்குப் பின்னால் விசிறித் தகடு வாங்கிக் கொடுத்தேன். கிளீனர் மூக்கையா அதைத் திருப்பி மாட்டி, இஞ்சின் அனலை எல்லாம் டைனமோவுக்கே ஊதவிட்டான். சைலன்சர் குழாய்க்கும் அதற்கும் நடுவே தகரம் அடித்தேன். அது போட்ட சத்தத்தில், அழுதுகொண்டு வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திட்டினார்கள். சூடு மட்டும் இம்மியும் குறையவில்லை. மூக்கையா டைனமோ மேல் அப்பளம் வாட்டித் தின்றான்.

ஒரு நாள் பிரேதத்தோடு தாடிக்கொம்பில் நிறுத்தியபோது அவன் டைனமோமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இங்க வந்து தொடுங்க. மண்பானை கணக்கா ஜில்லுன்னு இருக்கு" என்றான். இருந்தது. இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பினால் பழைய கொதிப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு சவாரியும் இப்படியே. பாரம்தான் காரணமோ என்று மணல் மூட்டை ஏற்றினோம், கொதிப்பு. அக்பர் அலி பாயின் ஆட்டுத்தோல் கட்டுகளை ஏற்றினோம். கொதிப்பு, கூடவே நாற்றம். மூக்கையாவையே வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்தேன். டைனமோவுக்குக் கொதிப்பு, அவனுக்குக் குளிர்காய்ச்சல். இறந்த மனிதர் ஏறினால் மட்டுமே அது குளிர்கிறது மச்சான். உங்கள் பட்டாளத்தில் இதற்கு என்ன வைத்தியம் சொல்வார்கள்?

போன வாரம் இஞ்ஞாசியம்மாள் என்ற கிழவியை, உயிர் போய்விட்டது என்று எரியோட்டுக்கு ஏற்றினார்கள். பாதி வழியில் டைனமோ கொதித்தது. வண்டியை நிறுத்தி அவள் மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏன்யா, எங்க ஆத்தா சாகுறதுக்கு ஒன் வண்டிகிட்ட உத்தரவு வாங்கணுமா?" என்று சட்டையைப் பிடித்தான். அதற்குள் பின்னாலிருந்து, "ஏலே, அவரை விடு. குடிக்கத் தண்ணி குடு" என்று குரல் வந்தது. கிழவி இப்போது நடமாடுகிறாள். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு மூச்சு இழுத்தாலும் டாக்டருக்கு முன்னால் எனக்குத்தான் ஆள் வருகிறது.

ஆகவே டைனமோவைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அந்தோணியார் உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்பாராக.

இப்படிக்கு,
பாஸ்கல்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கையை வேனில் ஏற்றிக்கொண்டு பூசைக்குப் போய்வந்தேன். மூக்கையா வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான். வீட்டு வாசலில் நிறுத்தி டைனமோவைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அவளையும் தொடச் சொன்னேன். தொட்டுவிட்டு, "நீங்க நல்லாத்தான இருக்கீக?" என்று கேட்டாள். "நீ?" என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். உடனே பதில் போடுங்கள். எங்கள் இரண்டு பேரில் யார் பெயருக்குப் போடச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.